வறண்ட வெயிலா, புழுக்கமா: எது மோசம்?

ஓரிடத்தில் 45 டிகிரி, ஈரப்பதம் 10 சதவீதம். இன்னொரு இடத்தில் 36 டிகிரி, 80 சதவீதம். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றுப்பட வைத்துப் பாருங்கள்: முதலிடத்தில் சுமார் 21 காட்டும், இரண்டாவதில் 33. உடம்பும் அந்தத் துணி மாதிரிதான், வியர்வை ஆவியானால்தான் சூடு இறங்கும். ஈரத்துணி வெப்பமானி காட்டும் அளவு 35ஐத் தொட்டுவிட்டால், நிழலில் சும்மா இருப்பவருக்கும் சில மணி நேரத்தில் உயிராபத்து. காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவி தாங்கும் என்பதால், கடலோரங்களுக்கே என் கவலை அதிகம்.

வறண்ட இடத்தில் ஏர்கூலர் நன்றாக எடுபடும், ஜன்னலைத் திறந்து வைத்தால். புழுக்கத்தில் அது ஈரத்தைத்தான் கூட்டும். அங்கே மின்விசிறியே மேல். ஆனால் வறண்ட 45 டிகிரியில் வெறும் விசிறி அனலை வாரி இறைக்கும்; தோலை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வியர்வை உடனுக்குடன் காய்வதால் நீரிழப்பும் தெரியாது, தாகத்துக்குக் காத்திராமல் குடியுங்கள்.