"ட்யூன் செய்தது" என்று நம்பி வாங்கிய .22 ரைஃபிள்: டிரிகரை முதலில் சோதித்துப் பாருங்கள்

அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரோ டிரிகர் வேலை செய்துகொடுத்த பழைய ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பில் அடித்துப் பற்றவைக்கும்) டார்கெட் ரைஃபிள் உங்களிடம் இருந்தால், அடுத்த முறை ரேஞ்சுக்குப் போனதும் தோட்டா போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணாலும் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குழல்வாய் இலக்குப் பக்கமே இருக்கட்டும். டிரிகரில் விரல் வைக்காமல் போல்ட்டை (சேம்பரைத் திறந்து மூடும் தண்டை) திறந்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக மூடுங்கள். இருபது முறை செய்யுங்கள். ஒரே ஒரு முறை ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) தானாக விழுந்தாலும் அந்த ரைஃபிளால் சுடாதீர்கள். நல்ல ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

என்னுடையதில் மூன்று முறை விழுந்தது. அதை நான் ஒரு முழு சீசன் சுட்டிருக்கிறேன்.

ப்ரோன் நிலையில் (குப்புறப் படுத்து) 50 மீட்டர் சுடுகிறவன் நான். நான்கு வருடம் க்ளப் ரைஃபிளை வைத்தே ஓட்டினேன். பிறகு சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று தேடியபோது ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். அவரும் ஒரு காலத்தில் போட்டிகளில் சுட்டவர், இப்போது பழைய ரைஃபிள்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறார். போய்ப் பார்த்தேன். நன்றாகப் பேசினார், பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். பேரலின் க்ரௌனை (குண்டு வெளியேறும் முனை விளிம்பை) புதிதாக வெட்டியிருக்கிறேன், எபாக்சி போட்டு பெட்டிங் (ரைஃபிளின் உலோகப் பகுதி கட்டையில் ஆடாமல் உட்காரும் படுகை) செய்திருக்கிறேன், டிரிகரை லேசாக்கியிருக்கிறேன், இந்த பேரலுக்கு ஒத்துப்போகும் லாட் (தோட்டாவின் தயாரிப்புத் தொகுதி) எது என்றும் கண்டுபிடித்துவிட்டேன் என்றார். கையோடு ஒரு டெஸ்ட் கார்டையும் நீட்டினார். 50 மீட்டரில் ஐந்து குண்டுகள், மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளுக்கு மையத்துக்கு மையம் 9 மி.மீ. ரைஃபிளுக்கு ஒரு தொகை, "ட்யூனிங்"குக்குத் தனியாக ஒரு தொகை. இரண்டையும் கொடுத்தேன்.

என் முன்னால் சுட்டுக் காட்டச் சொன்னேன். "இந்த வாரம் ரேஞ்ச் கிடைக்கல சார், கார்டுதான் கையில இருக்கே" என்றார். அப்போதே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

அந்தக் கார்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கார்டில்தான் பலரும் மயங்குகிறோம். ஐந்து குண்டு குரூப் (ஒரே குறியில் சுட்ட துளைகளின் கூட்டம்) ஒன்றே ஒன்று, எதையும் நிரூபிக்காது. சுமாரான ரைஃபிளும் இருபது குரூப் சுட்டால் அதில் ஒன்று அழகாக விழும். அதை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டிக் கொடுத்தால் நமக்கு எப்படித் தெரியும்? அதே ரைஃபிள், அதே தோட்டா என்றாலும் பத்து குண்டு குரூப் சராசரியாக ஐந்து குண்டு குரூப்பைவிடக் கால் பங்கு பெரிதாகத்தான் வரும். கேட்பதானால் பத்து குண்டு குரூப் கேளுங்கள். தொடர்ச்சியாக நான்கைந்து வேண்டும், ஒன்றையும் விடாமல் காட்ட வேண்டும். எந்த அளவு போதும் என்றால், 50 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ., குண்டின் விட்டம் 5.6 மி.மீ. துளையின் விளிம்பு வளையத்தைத் தொட்டாலே பத்துதான். ஆக, மையத்துக்கு மையம் 16 மி.மீ.க்குள் ஒரு ரைஃபிள் சுட்டால், நடுவில் பிடிக்கத் தெரிந்தவருக்கு அது எல்லாப் பத்தையும் தரும். 9 மி.மீ. என்பது காதுக்கு இனிமையான எண், அவ்வளவுதான்.

வாங்கிய முதல் மாதத்திலேயே தொல்லை தொடங்கியது. குண்டுகள் மேலும் கீழுமாக விழுந்தன. இடமும் வலமுமாகப் போனால் காற்று என்று சொல்லலாம், நொடிக்கு ஒரு மீட்டர் குறுக்குக் காற்றே ஏறக்குறைய ஒரு வளையம் தள்ளிவிடும். செங்குத்தாகச் சிதறுவதற்கு வேறு காரணம் வேண்டும். அவரிடம் கேட்டேன். "புது ரைஃபிள்னா கை பழகணும் சார், நாலு மாசம் ஆகும்" என்றார். நம்பினேன். ஸ்லிங்கின் நீளத்தை மாற்றினேன். பட் ப்ளேட்டை ஏற்றி இறக்கினேன். மூச்சு விடும் முறையை மாற்றினேன். அப்புறம் அவர் "டெஸ்ட் செய்த லாட்" என்று தோட்டாப் பெட்டிகள் விற்றார், அதையும் வாங்கினேன். வீட்டில் அடுக்கும்போது பார்த்தால் பெட்டிகளில் மூன்று வெவ்வேறு லாட் எண்கள் அச்சாகியிருந்தன. ஒரே பிராண்ட், ஒரே பெயர், ஆனால் மூன்று லாட். கேட்டதற்கு எல்லாம் ஒன்றுதான் என்று பதில் வந்தது.

எல்லாம் ஒன்று கிடையாது. ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் கலவை விளிம்புக்குள் இருக்கிறது. அந்தக் கலவையிலோ வெடிமருந்தின் அளவிலோ விளிம்பின் தடிமனிலோ நுணுக்கமான வித்தியாசம் வந்தாலும் வேகம் மாறும். மேட்ச் தோட்டா ஒலியின் வேகத்துக்குக் கீழே, நொடிக்கு சுமார் 325 மீட்டரில் போகிறது. அதில் 10 மீட்டர் கூடிக் குறைந்தால் 50 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 8 மி.மீ. ஏறி இறங்கும். அது ஒரு முழு வளையம். அதனால்தான் ஈலி, லாபுவா போன்ற தயாரிப்பாளர்கள் உங்கள் ரைஃபிளைக் கொண்டுவந்து, பல லாட்களைச் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சோதனைக் கூடங்களையே வைத்திருக்கிறார்கள். அங்கே போக முடியாதவர்கள் நான்கைந்து லாட்களில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, பிடித்த லாட்டை மொத்தமாக வாங்கலாம்.

என் க்ளப்பில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். மூன்று போட்டிகளில் நான் வரிசையாகச் சறுக்கிய பிறகு அவரே என்னிடம் வந்தார். "தம்பி, உன்னைச் சந்தேகப்பட்டது போதும், துப்பாக்கியைச் சந்தேகப்படு" என்றார். என் ரைஃபிளையும் அவருடையதையும் ஒரே ரெஸ்டில் வைத்து, ஒரே காலையில், தோட்டாக்களை மாற்றிப் போட்டு இருவரும் சுட்டோம். என் தோட்டா அவர் ரைஃபிளில் பத்து குண்டுக்கு 17 மி.மீ. அவர் தோட்டா என் ரைஃபிளில் 27. நான்கு முறை திருப்பிச் சுட்டும் கதை மாறவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை நான் முதல் மாதமே செலவிட்டிருக்கலாம்.

பிறகு ஆர்மரரிடம் போனோம். போர்ஸ்கோப் (குழலுக்குள் பார்க்கும் கருவி) விட்டுப் பார்த்தார். க்ரௌனை யாரும் வெட்டியிருக்கவில்லை, வெளிப்பக்கம் பாலிஷ் மட்டும் போட்டிருந்தார்கள். உள்ளே, குண்டு வெளியேறும் விளிம்பில் ஒரு ரைஃப்லிங் மேட்டில் வடு இருந்தது. க்ளீனிங் ராடைக் குழல்வாய் வழியாக விட்டு உரசியிருக்கிறார்கள் போல. இதைப் பார்க்கக் கருவிகூட வேண்டாம். ரைஃபிளைக் காலிசெய்து போல்ட்டைக் கழற்றிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியைக் குழல்வாயின் உள்ளிருந்து வெளியே மெதுவாக இழுங்கள். பிசிறு இருந்தால் பஞ்சு சிக்கும். சில பெட்டி சுட்டபின் குழல்வாயில் ஈயமும் கரியும் சேர்ந்து நட்சத்திரம் போலத் தடம் விழுமே, அதையும் பாருங்கள். எல்லாப் பக்கமும் சமமாக இருந்தால் நல்லது. என்னுடையதில் ஒரு பக்கம் மட்டும் சிதைந்திருந்தது.

சேம்பருக்கு முன்னால் கரி வளையம் ஒன்று கண்ணாடி மாதிரி இறுகிப்போயிருந்தது. பெட்டிங் இன்னும் மோசம். ஸ்டாக்கை (கட்டையை) கழற்றினால், வெளியே தெரியும் ஓரத்தில் மட்டும் எபாக்சி தடவியிருந்தார்கள், ரெசீவர் (போல்ட் ஓடும் உலோக உடல்) உட்காரும் இடத்தில் ஒன்றுமே இல்லை. ரைஃபிளை நிறுத்தி வைத்து, ஸ்டாக்கும் பேரலும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒரு திருகை மட்டும் தளர்த்திப் பாருங்கள் என்றார் ஆர்மரர். பேரல் நகர்வது விரலுக்கே தெரிந்தது. ஃபயரிங் பின்னின் சுருள்வில்லும் தளர்ந்துபோயிருந்தது. ஒவ்வொரு முறையும் அடி ஒரே பலத்தில் விழாததால் பற்றவைப்பு மாறி, வேகம் மாறி, குண்டு மேலும் கீழும் போயிருக்கிறது. குழல்வாயில் விற்றவர் மாட்டிக்கொடுத்த ட்யூனர் எடையை (பேரலின் அதிர்வைச் சரிசெய்வதற்கானது) நான் எத்தனை இரவு திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்! அடிப்படை எல்லாம் சரியாக இருந்தால்தான் அந்த எடைக்கு வேலையே.

கடைசியாக டிரிகர். போல்ட்டை மூடி மூடிப் பார்த்த ஆர்மரர் திடீரென்று நிறுத்தினார். இருபதில் மூன்று முறை பின் தானாக விழுந்தது. லேசாக்குகிறேன் என்று சியரின் (ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின்) விளிம்பைக் கல்லால் தேய்த்து, கோணத்தையே கெடுத்து வைத்திருந்தார்கள். 50 மீட்டர் ரைஃபிளில் டிரிகர் எடைக்குக் கீழ்வரம்பு கிடையாது, நல்ல டூ ஸ்டேஜ் (இரண்டு கட்டமாக அழுத்தும்) டிரிகர் 100 கிராம் அளவில் பாதுகாப்பாகவே வேலை செய்யும். அதற்குரிய திருகுகளை, தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் திருப்பினால் போதும். கல்லை எடுக்கவே கூடாது.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சீசனின் நடுவில் ஒரு பயிற்சி நாளில் போல்ட்டை மூடும்போதே ரைஃபிள் சுட்டுவிட்டது. குழல்வாய் இலக்குப் பக்கம் இருந்ததால் குண்டு மண் மேட்டில் போய்ப் புதைந்தது. பக்கத்து லேனில் ஜூனியர் பிள்ளைகள் இருந்தார்கள். கோச் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். விரல் பட்டிருக்கும் சார், என் தவறுதான் என்று ஒப்புக்கொண்டேன். இரண்டு வாரம் ரேஞ்சுக்கு வரக்கூடாது என்றார், சரி என்றேன். இப்போது ஆர்மரரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி அந்தப் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தேன், கை நடுங்கியது.

விற்றவரிடம் எல்லாப் படங்களையும் காட்டினேன். "வித்ததுக்கு அப்புறம் யாரு கை வெச்சாங்களோ" என்றார். செய்த வேலை என்ன என்று நான் எழுதி வாங்கவில்லை. பணம் திரும்பவில்லை. நீங்கள் வாங்கினால் க்ரௌன், பெட்டிங், டிரிகர் எதில் என்ன செய்தார்கள், என்று செய்தார்கள் என்று ரைஃபிளின் சீரியல் எண்ணோடு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் வேலை நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். யாரும் கை வைக்காத, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிற ஓர் ஆன்ஷுட்ஸோ வால்தரோ ஃபைன்வெர்க்பாவோ, உங்கள் உடம்புக்குப் பொருந்தும் ஸ்டாக்கோடு கிடைத்தால், "ட்யூன் செய்த" எதையும்விட அதையே நான் எடுப்பேன்.

இப்போது சியரும் சுருள்வில்லும் புதியவை. குழல்வாயில் சிறு துண்டை வெட்டி எடுத்து லேத்தில் புது க்ரௌன் போட்டாயிற்று, பெட்டிங்கும் முழுதாகச் செய்தாயிற்று. திருகுகளை டார்க் ரெஞ்ச் வைத்து ஒரே அளவில் இறுக்குகிறேன். ஐந்து லாட் சுட்டுப் பார்த்து ஒன்றைப் பிடித்தேன், பத்து குண்டுக்குச் சராசரி 15 மி.மீ. வருகிறது. கோச்சிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

அதே ஆளிடம் வாங்கிய இன்னும் மூன்று பேரைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். இரண்டு பேர் போல்ட் சோதனை செய்தார்கள். ஒருவருடையதில் பின் விழுந்தது, அந்த ரைஃபிள் இப்போது பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது. மூன்றாமவர் இன்னும் பதில் சொல்லவில்லை, இன்று மாலை மறுபடியும் அழைக்கப்போகிறேன்.