விமானப் பயண உமிழ்வு: கிரெடிட்டா, கட்டணமா, ரயிலா, உச்சவரம்பா?

ஒரு பல்கலைக்கழகம் தன் விமானப் பயண உமிழ்வைக் குறைக்க உட்கார்ந்து பேசினால் நான்கு யோசனைகள் கட்டாயம் வரும். கார்பன் கிரெடிட் வாங்குவது (அதாவது வேறெங்கோ உமிழ்வைக் குறைக்கும் திட்டத்துக்குப் பணம் கொடுத்து நம் கணக்கில் கழித்துக்கொள்வது), டிக்கெட்டுக்குக் கட்டணம் வைப்பது, எட்டும் தூரத்துக்கு ரயிலில் போகச் சொல்வது, பயண உமிழ்வுக்குத் துறைவாரியாக உச்சவரம்பு வைப்பது. காணொளிச் சந்திப்பை நான் தனி வழியாக எண்ணவில்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது கூடவே வரும்.

கிரெடிட்டை முதலில் முடித்துவிடலாம். யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம் என்பதுதான் அதன் கவர்ச்சி, கோளாறும் அதுவே. கியோட்டோ என்ற பன்னாட்டுக் காலநிலை ஒப்பந்தத்தின் கீழ் வந்த கிரெடிட் திட்டங்களை ஜெர்மனியின் ஓகோ ஆய்வு நிறுவனம் 2016இல் அலசியது. அவற்றில் 85% திட்டங்கள், சொன்ன அளவுக்கு உமிழ்வைக் கூடுதலாகக் குறைத்திருக்க வாய்ப்பு குறைவு என்று முடிவு சொன்னது.

கட்டணம் கொஞ்சம் பரவாயில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2018 முதல் உள்நாட்டுப் பயணத்துக்கு 9 டாலர், வெளிநாட்டுப் பயணத்துக்கு 25 டாலர் என்று வாங்கி, அதை வளாகத்திலேயே உமிழ்வு குறைக்கும் வேலைகளுக்குச் செலவிட்டது. பணம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால் அது ஆய்வு நிதியிலிருந்து போகிற பணம், சொந்தப் பணம் இல்லை. 25 டாலருக்காக யார் பயணத்தை ரத்து செய்வார்?

ரயில் விதியில் எனக்குப் பிடித்தது அதன் தெளிவு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம், பேருந்தில் 6 மணி நேரத்திலோ ரயிலில் 8 மணி நேரத்திலோ போக முடிகிற நகரங்களைப் பட்டியலிட்டு, அங்கெல்லாம் விமானம் வேண்டாம் என்றது. வாதாட இடமே இல்லை. சிக்கல் எங்கே என்றால், உமிழ்வின் பெரும்பகுதி வருவது நீண்ட தூரப் பயணத்தில். 2019இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றிய மாநாட்டுக்கு 28,000 பேர் வந்துபோனதில் சுமார் 80,000 டன் உமிழ்வு, தலைக்கு ஏறக்குறைய 3 டன். அதில் பெரும்பங்கு கண்டம் தாண்டி வந்தவர்களுடையது. கடலுக்கு மேல் ரயில் ஓடாது.

அதனால் என் ஓட்டு உச்சவரம்புக்கு. சூரிக்கின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு துறையும் தன் குறைப்பு இலக்கைத் தானே வகுத்தது. வரம்பு டன்னில் இருந்தால் பயண எண்ணிக்கை மறைக்கிற விஷயங்கள் வெளியே வரும். பிசினஸ் வகுப்பு இருக்கை சாதாரண இருக்கையைப் போலப் பல மடங்கு இடத்தையும் உமிழ்வையும் எடுத்துக்கொள்கிறது. அடிக்கடி பறப்பவர்கள் பெரும்பாலும் மூத்த பேராசிரியர்கள். ஒரு மணி நேர வாய்மொழித் தேர்வுக்குக் கண்டம் தாண்டுவதைக் காணொளிக்கு மாற்றினால், அந்த டன்னை முதல் கட்டுரை வாசிக்கப் போகும் ஆய்வு மாணவருக்குக் கொடுக்கலாம். பறக்காவிட்டால் ஆய்வு படுத்துவிடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் குறைவு. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2019இல் வெளியான ஆய்வில், பறப்பதற்கும் ஆய்வு வெளியீட்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. சம்பளத்தோடு மட்டும் தொடர்பு இருந்ததாம்!

இதிலும் ஒரு பொறி உண்டு. பழைய கணக்கை அடிப்படையாக வைத்தால் நிறையப் பறந்த துறைக்கே நிறைய ஒதுக்கீடு கிடைக்கும். ஆள் எண்ணிக்கையை வைத்துப் பிரித்து, களப்பணி தவிர்க்க முடியாத துறைகளுக்குத் தனியாகக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கலாம். அப்புறம், டிக்கெட்டை அவரவரே எடுக்கும் இடங்களில் பயணப்படி விண்ணப்பத்திலேயே தூரத்தையும் வகுப்பையும் கேட்டுவிட வேண்டும்.