சிவப்பு வண்டியைத்தான் போலீஸ் மறிக்கும் என்று சொல்லி பெயின்ட் விற்கிறார்கள், உஷார்

"சிவப்பு வண்டி தூரத்திலேயே கண்ணில் படும், ஒழுங்காகப் போனாலும் ஓரம் கட்டச் சொல்வார்கள். சாம்பல் நிறத்துக்கு மாற்றிவிடுங்கள்." பெயின்ட் ஷெட்டிலும் ஸ்டிக்கர் ராப்பிங் (வண்டி முழுக்க நிற வினைல் தாள் ஒட்டுவது) கடையிலும் அவிழ்த்துவிடும் பேச்சு இது. நம்பிப் பணம் கட்டுகிறவர்களுக்கு வேலையும் அரைகுறையாக முடிகிறது, முன்பு இல்லாத வம்பும் வந்து சேர்கிறது.

வேகம் பிடிக்கும் கருவிக்கு நிறம் பொருட்டே இல்லை. ரேடார் அனுப்பும் அலை வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை வைத்தே வேகம் தெரிகிறது. லேசர் துப்பாக்கி விடுவது சுமார் 905 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. கறுப்பு பெயின்ட் அதைக் கொஞ்சம் உறிஞ்சும் என்பது உண்மைதான், கடைக்காரர் பிடித்துக்கொள்வதும் இந்த நூலைத்தான். ஆனால் குறி வைப்பது நம்பர் பிளேட்டையும் ஹெட்லைட்டையும். பளபளக்கும் பிளேட்டுத் தாள், விழுந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பிவிடும். பாடி எந்த நிறமானாலும் அளவு கிடைத்துவிடும்.

சாலையோரம் நிற்கும் போலீஸ்காரரின் கண்ணுக்கு நிறம் தெரியும்தான். ஆனால் வண்டியை மறிக்க வைப்பது எரியாத பிரேக் லைட், மங்கிப்போன பிளேட், கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி, காதைப் பிளக்கும் சைலன்சர், தடம் மாறித் தள்ளாடும் ஓட்டம். "மறித்த வண்டிகளில் இத்தனை சிவப்பு" என்று யாராவது கணக்குக் காட்டினால், அந்தச் சாலையில் ஓடுகிற வண்டிகளில் மொத்தம் எத்தனை சிவப்பு என்று கேளுங்கள். அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

வேடிக்கை என்னவென்றால், மறிக்காமல் இருக்க நிறம் மாற்றியவர்தான் மாட்டுகிறார். பல நாடுகளில் பதிவுச் சான்றில் நிறமும் இருக்கிறது. கேமரா பிளேட்டைப் படித்ததும் திரையில் "சிவப்பு" என்று வரும், எதிரே நிற்பதோ சாம்பல் வண்டி. திருட்டு வண்டியா, போலி பிளேட்டா என்ற சந்தேகம் எழத்தான் செய்யும். நிறத்தை மாற்றும் முன் அனுமதி வேண்டுமா, மாற்றிய பின் தெரிவித்தால் போதுமா, ராப்புக்கும் அது பொருந்துமா என்பதைப் பதிவு அலுவலகத்தில் கேளுங்கள், கடையில் கேட்காதீர்கள்.

இனி வேலையில் நடக்கும் ஏமாற்று. "ஃபுல் பாடி" என்று பேசிவிட்டு வெளித்தோலை மட்டும் அடித்துத் தருவார்கள். கதவைத் திறந்தால் விளிம்பெல்லாம் பழைய சிவப்பு. பீடிங்கையும் (கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு) கைப்பிடியையும் கழற்றாமல் டேப் ஒட்டி அடித்திருந்தால், டேப் நின்ற கோட்டிலிருந்துதான் முதலில் உரியும். பழைய பெயின்ட்டை உப்புத்தாளால் சரியாகத் தேய்க்காவிட்டால் புதுப் பூச்சுக்குப் பிடிப்பு இருக்காது, சில மாதத்தில் கிளியர் கோட் (நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு) தோல் தோலாகக் கழன்று வரும். கிளியரோடு ஹார்ட்னரை (பூச்சை இறுகச் செய்யும் திரவம்) டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில் கலக்க வேண்டும். பலவற்றுக்கு கிளியர் இரண்டு பங்குக்கு ஹார்ட்னர் ஒரு பங்கு. ஹார்ட்னரைக் குறைத்துத் தின்னரைக் கூட்டினால் டெலிவரி அன்று மினுங்கும், வெயில் பட்டதும் மங்கும். ஒரு கோட் சற்று உலரும் முன்பே அடுத்த கோட்டை ஏற்றினால் கரைப்பான் உள்ளே சிக்கி ஊசித்துளைகளாக வெளிவரும். சிலிக்கான் பாலிஷ் துடைபடாமல் இருந்த இடத்தில் மீன்கண் போலக் குழிகள் விழும்.

பெயின்ட்டின் தடிமனை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (1000 மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). மேலே ஒரு முறை முழுசாக அடித்தால் 200, 300 என்று ஏறும். 1000-ஐத் தாண்டினால் அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது. நாளை வண்டியை வாங்க வருகிறவரும் இதே மீட்டரோடு வருவார், விபத்து வண்டி என்று சொல்லி விலையைக் குறைப்பார்.

ராப்பில் வேறு தந்திரம். காஸ்ட் வினைல் (வளைவுக்கு ஒத்துப்போகும் மெல்லிய, விலை கூடிய தாள்) என்று விலை பேசி, கேலண்டர்டு வினைலை (உருளையில் அழுத்திச் செய்யும் மலிவுத் தாள்) ஒட்டிவிடுவார்கள். பின்னது வளைவுகளில் சுருங்கி விளிம்பு எழும்பும். ரோலின் பெட்டியையும் மாடல் எண்ணையும் கண்ணால் பார்த்த பிறகே வேலையைத் தொடங்கவிடுங்கள். வண்டிமேலேயே பிளேடால் அறுத்தால் கிளியர் கோட் வெட்டுப்படும், வெட்டு தகடு வரை இறங்கினால் துருவும் ஏறும். அதனால் கத்தி வைக்காமல் வெட்டும் நூல் டேப் போடச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒருமுறை பெயின்ட் அடித்த பேனலில் ஒட்டினால், கழற்றும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரக்கூடும்.

கூடவே "கேமராவுக்குத் தெரியாது" என்று பிளேட்டுக்கு ஒரு ஸ்பிரேயும் கவரும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பிளேட்டை மறைப்பதும் மங்கச் செய்வதும் பல இடங்களில் தனிக் குற்றம், மறிக்க அது ஒன்றே போதும்.

அழகுக்காகவே நிறம் மாற்றுகிறீர்கள் என்றால் மாற்றுங்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே கதவு விளிம்பு, பானெட் அடிப்பக்கம், டிக்கி உட்புறம் சேர்த்தியா, எத்தனை கோட், எந்த பிராண்டு கிளியர், உரிந்தால் எத்தனை மாதம் வரை இலவசமாகச் செய்து தருவார்கள் என்பதையெல்லாம் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.