கோத்தகிரி அவுட்ஹவுஸ் ஒயரிங்: குழி அருமை, நியூட்ரல் கோளாறு (5-க்கு 3)

தேயிலைச் சரிவில், பெரிய வீட்டிலிருந்து 40 மீட்டர் கீழே இரண்டு அறை அவுட்ஹவுஸ். அதற்குத் தனி டிபி (கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி), 850 விஏ இன்வர்ட்டர், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, நீண்ட கரண்ட் கட்டுக்கு ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர். உள்ளூர் கான்ட்ராக்டர் ஒருவர் முடித்துக் கொடுத்த வேலை. பெயர் வேண்டாம், இதே தவறுகளை மலையில் பலரும் செய்கிறார்கள்.

மண்ணுக்குள் இருப்பதில் குறை சொல்ல எதுவும் இல்லை. 6 சதுர மி.மீ. மூன்று கோர் செம்பு ஆர்மர்டு கேபிள் (உள்ளே ஃபேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று கம்பி, மேலே இரும்புக் கவசம்) போட்டிருக்கிறார். குளிர்காலத்தில் 2000 வாட் கீசரும் 2000 வாட் ரூம் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால் 17 ஆம்பியரைத் தாண்டும். 20 ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் இந்தக் கேபிளில் சுமார் 5 வோல்ட் இறங்கும், 2.5 சதுர மி.மீ. இழுத்திருந்தால் 12 வோல்ட் போயிருக்கும். பள்ளம் 75 செ.மீ. ஆழம், கீழே மணல், மேலே செங்கல். காட்டுப்பன்றி கிளறுகிற இடத்தில் ஓரடிப் பள்ளம் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. சரிவில் மண் நகரும் என்று இரண்டு முனையிலும் ஒரு சுற்று கேபிளை விட்டு வைத்திருப்பது அனுபவசாலியின் வேலை.

எர்த் பைப்பும் அப்படித்தான். ஏழடியில் பாறை தட்டியிருக்கிறது. பைப்பை வெட்டிக் குட்டையாக்காமல் சாய்த்து இறக்கியிருக்கிறார். எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 சொல்வதும் இதுதான்: இரண்டரை மீட்டர் நீளம் குறையக்கூடாது, சாய்வு செங்குத்திலிருந்து 30 டிகிரிக்குள். ஆனால் ரெசிஸ்டன்ஸை நவம்பர் ஈரத்தில் அளந்து எழுதிவிட்டார். மண் காய்ந்த மார்ச்சில் மறுபடி அளந்தால்தான் உண்மை தெரியும்.

டிபி மூடியைத் திறந்தால்தான் வில்லங்கம். நியூட்ரல் பாரிலிருந்து (கரண்ட் திரும்பிப் போகிற கம்பிகள் சேரும் பட்டை) எர்த் பாருக்கு இரண்டு அங்குல நீளப் பச்சை ஒயர் ஒன்று ஓடுகிறது. "எர்த்து பலமாயிருக்கட்டும்னு போட்டேன் சார்" என்பது அவர் விளக்கம். பிரிந்த கட்டடத்தில் இந்த இணைப்பு இருக்கவே கூடாது. திரும்பிப் போகிற கரண்டில் ஒரு பங்கு நியூட்ரலை விட்டு எர்த் கோர் வழியாகப் போய்விடும். மேல்வீட்டு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனை அறுக்கிற சுவிட்ச்) அதை லீக் என்று எடுத்துக்கொண்டு விழும். ராத்திரி விளக்கு மட்டும் எரிந்தால் சும்மா இருக்கும், கீசர் போட்டதும் விழும். உடனே பழி கீசர் மேல் போகும், எலிமெண்ட் மாற்றுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆர்சிசிபியையே கழற்றி நேரடியாகக் கொடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது, வாரியக் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஃபேஸை மட்டும் மாற்றுகிற சிங்கிள் போல். ஜெனரேட்டர் ஓடும்போதும் வீட்டு நியூட்ரல் மின்வாரியத்தின் கம்பியோடு சேர்ந்தே கிடக்கிறது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அறுத்து மாற்றுகிற டபுள் போல்தான் வேண்டும். (ரெண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரை சாக்கெட்டில் செருகி ஜெனரேட்டர் கொடுப்பவர்களுக்கு: மெயினை அணைக்க மறந்தால் உங்கள் 230 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாக லைன்மேன் கைக்குப் போகும்.)

டபுள் போல் வைத்தபின் இன்னொன்று பாக்கி. சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் பாடியோடு சேராமல் மிதக்கும். அப்படி ஓடினால் முதல் லீக்கில் ஆர்சிசிபி விழாது. எனவே ஜெனரேட்டரில் மட்டும் (டிபியில் அல்ல) நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்க வேண்டும், ஆர்சிசிபி சேஞ்ச் ஓவருக்குப் பிறகு வர வேண்டும். டெஸ்ட் பட்டனை அழுத்தி "விழுதே, நல்லாத்தானே இருக்கு" என்று நம்ப வேண்டாம். எர்த்தே இல்லாவிட்டாலும் அந்தப் பட்டனுக்கு ஆர்சிசிபி விழும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஆர்சிசிபி சோதிக்கிற கருவி (ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் அல்ல) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், வாரியக் கரண்டில் ஒரு தடவை, ஜெனரேட்டரில் ஒரு தடவை.

இன்வர்ட்டர் நியூட்ரலுக்குத் தனி பார் கொடுத்தது நல்லது. கீசரை இன்வர்ட்டர் லைனில் சேர்க்கவும் இல்லை. பேட்டரி அறை ஜன்னலைக் குளிருக்குப் பயந்து பலகை அடித்து மூடியதுதான் தப்பு, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியே போக வழி வேண்டும்.

பச்சை ஒயரைச் சொன்னதும் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார், முகம் கோணவில்லை. சேஞ்ச் ஓவர் மாறியதும் நான்காவது நட்சத்திரம்.