மேண்டமஸா, செர்ஷியோராரியா: ஹைகோர்ட்டில் எந்த ரிட் போடுவது?

பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்து மாதக்கணக்கில் பதில் இல்லையென்றால் சென்னையில் யாரைக் கேட்டாலும் "ஹைகோர்ட்டில் ஒரு ரிட் போடுங்க" என்பார்கள். ரிட் என்றால் அரசுக்கும் அதிகாரிகளுக்கும் கோர்ட் பிறப்பிக்கும் ஆணை, எந்த ரிட் என்பதில்தான் வழக்கே இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 226-வது உறுப்பு ஐந்து வகை ரிட்டுக்கு இடம் தருகிறது, அதிகாரிகளின் உத்தரவு சம்பந்தப்பட்ட சண்டைகளில் பெரும்பாலும் வேலைக்கு ஆவது இரண்டு: மேண்டமஸ், செர்ஷியோராரி.

மேண்டமஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு 'கட்டளையிடுகிறோம்' என்று பொருள். இங்கிலாந்தில் அரசர் பெயரில் போன கட்டளை அது, பிறகு கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தின் ஆயுதமானது. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்யாத அதிகாரியைச் செய்ய வைப்பது அதன் வேலை. செர்ஷியோராரி கீழே நடந்த விசாரணையின் ஆவணங்களை மேலே வரவழைத்து, தப்பாக இருந்தால் ரத்து செய்வது. வெள்ளைக்காரர் காலத்தில் இது எல்லோருக்கும் எட்டவில்லை. இன்றைய ஒடிசாவில் உள்ள பர்லாகிமிடி ஜமீனில் குடியானவர்களின் நில வாடகை உயர்த்தப்பட்ட வழக்கில், உத்தரவு போட்ட வருவாய் வாரியம் சென்னையிலேயே இருந்தும், நகர எல்லைக்கு வெளியே உள்ள விவகாரத்துக்கு சென்னை ஹைகோர்ட் செர்ஷியோராரி பிறப்பிக்க முடியாது என்று 1943-இல் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) சொல்லிவிட்டது. 1950-இல் அரசமைப்புச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கதவு முழுசாகத் திறந்தது.

சரி, உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது? மனு கொடுத்ததற்கான ஒப்புகை மட்டும்தான், பதிலே வரவில்லை என்றால் மேண்டமஸ். சீக்கிரம் முடியும், ஆனால் பெரும்பாலும் கிடைப்பது "மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் தகுதியின் அடிப்படையில் முடிவெடுக்கவும்" என்கிற உத்தரவு. அதை வெற்றி என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அதிகாரி பரிசீலித்து நிராகரித்தாலும் கோர்ட் சொன்னதைச் செய்ததாகவே கணக்கு. காலாவதியான கோரிக்கைக்கு இப்படிப் பரிசீலனை உத்தரவு வாங்கினாலும் அதற்கு உயிர் வந்துவிடாது என்று சி. ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் தெளிவாகச் சொன்னது.

மேலே ந.க. எண், நாள் போட்டு, கீழே "தங்கள் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல" என்று ஒரே வரியில் முடித்த கடிதம் வந்திருந்தால் வெறும் மேண்டமஸ் போதாது, அந்தக் கடிதத்தை எண்ணும் தேதியும் சொல்லி ரத்து செய்யக் கேட்க வேண்டும். காரணமே சொல்லாத உத்தரவு செர்ஷியோராரியில் நிற்பது கஷ்டம். ஆனால் ரத்தானதும் பட்டா கைக்கு வந்துவிடாது, ஃபைல் திரும்ப அதே மேஜைக்குத்தான் போகும். அதனால் சென்னை ஹைகோர்ட்டில் இரண்டையும் சேர்த்து 'செர்ஷியோராரிஃபைட் மேண்டமஸ்' என்றே கேட்பது வழக்கம்: பழைய உத்தரவை ரத்து செய், இன்னதைச் செய்யச் சொல். நிராகரிப்புக் கடிதம் கையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம் ஒன்று. பட்டா விஷயத்தில் 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ்புக் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் (வருவாய் கோட்டாட்சியர்) மேல்முறையீடும், டி.ஆர்.ஓ.விடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) சீராய்வும் உண்டு. அதைத் தாண்டி நேராக வந்தால், விசாரணைக்கே கூப்பிடாமல் உத்தரவு போட்டார்கள், அல்லது அந்த அதிகாரிக்கு அதிகாரமே இல்லை என்று காட்ட முடிந்தால் ஒழிய, எந்த ரிட்டாக இருந்தாலும் முதலில் அங்கே போங்கள் என்றுதான் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள்.