ஈஷூனுக்குப் போன மூன்று முழம் மல்லிகை

சித்தி முட்டி அறுவை சிகிச்சை முடிந்து, சிங்கப்பூரில் ஈஷூன் வட்டாரத்தில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பிய வாரம் பார்த்து எனக்குச் சளி, இருமல், போய்ப் பார்க்க வழியில்லை. தலையில் பூ இல்லாமல் கடைக்குக்கூடப் போகாதவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் ஒரு மொட்டு வைக்கவில்லை. சரி, பூவையாவது அனுப்புவோம் என்று லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைப் பக்கத்தில் இருக்கும் இந்தப் பூக்கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்.

தயங்கித்தான் எழுதினேன். போன வருஷம் அன்னையர் தினத்துக்கு ஓர் இணையக் கடையில் 90 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து அம்மாவுக்குப் பூங்கொத்து அனுப்பியிருந்தேன். படத்தில் பார்த்த லில்லியில் பாதி இல்லை, அந்த இடத்தில் நான் கேட்காத பூ. அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, ஒரு போன்கூடச் செய்யாமல், வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், அம்மா திரும்பி வரும்போது இதழெல்லாம் துவண்டு கிடந்தது. வாழ்த்து அட்டையில் நான் தமிழில் தட்டிய இரண்டு வரியும் வெறும் கட்டம் கட்டமாக அச்சாகியிருந்தது, எனக்கு அதுதான் ரொம்ப வலித்தது.

இந்தக் கடையில் விலையைச் சொல்வதற்கு முன்பே கேள்வி கேட்டார்கள். பூ தலைக்கா, சாமிக்கா? எத்தனை மணிக்கு வீட்டில் ஆள் இருப்பார்கள்? சித்தியால் எழுந்து வந்து கதவைத் திறக்க முடியுமா? கால் விஷயத்தைச் சொன்னதும், அப்படியென்றால் மணியடித்துவிட்டு நிதானமாகக் காத்திருக்கச் சொல்கிறேன், இல்லையென்றால் அவசரமாக எழுந்து வருவார் என்றார் கடைக்கார அக்கா. காலை 10 மணிக்கே அனுப்பச் சொன்னேன். "வேண்டாம்மா, 5 மணிக்கு மேல அனுப்புறேன், விளக்கு வைக்கிற நேரத்துக்கு மொட்டா இருக்கும்" என்றார். காசு கையில் வந்தால் போதும் என்று நினைப்பவர் இப்படிச் சொல்லமாட்டார். மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகப் பறிப்பார்கள், குளிர்ச்சியில் இருக்கும்வரை வாய் திறக்காது, நம் வெக்கைக்கு வந்துவிட்டால் சாயங்காலமே விரிந்து மறுநாள் காலை பழுத்துவிடும். காலையிலேயே போயிருந்தால் சித்தி குளித்துத் தலைசீவும் நேரத்துக்கு விரிந்த பூதான் மிஞ்சியிருக்கும்.

மூன்று முழம் மல்லிகை, சாமிக்குக் கொஞ்சம் சாமந்தி, டெலிவரிக்கு 12 வெள்ளி, எல்லாம் சேர்த்து 41 வெள்ளி, போன் வழியாகவே வங்கிப் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பினேன். மலிவு என்று சொல்லமாட்டேன். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும் பூ இது, மார்கழி, தை மாதங்களில் அங்கேயே பனியால் விளைச்சல் குறைந்து விலை ஏறிவிடும், கூடவே முகூர்த்த நாள் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கனகாம்பரமும் கேட்டிருந்தேன், அன்றைக்கு வந்தது சரியில்லை என்று மதியமே படம் எடுத்து அனுப்பி, பதிலுக்கு மரிக்கொழுந்து வைக்கட்டுமா என்று கேட்டார்கள். மாற்றுவதை முன்கூட்டியே கேட்டுவிட்டு மாற்றினால் யாருக்கு வருத்தம் வரப்போகிறது?

பூ 5.40க்குப் போய்ச் சேர வேண்டியது, 6.05 ஆகிவிட்டது. டெலிவரி செய்த தம்பி பக்கத்து புளோக்கில் நின்றுகொண்டு தேடியிருக்கிறார், இடையில் எனக்குப் போன் செய்து வழி கேட்டார். 25 நிமிஷம் பெரிய விஷயமில்லை, ஆனால் பூஜை நேரத்தைக் குறித்து ஆர்டர் செய்பவர்கள் அரை மணி முன்னதாகச் சொல்லிவைப்பது நல்லது. அப்புறம் இரவு 8 மணிக்கு மேல் பதில் வராது, இணையதளமும் கிடையாது. வெள்ளிக்கிழமைக்கு வேண்டுமென்றால் புதன்கிழமையே எழுதிவிடுங்கள், தீபாவளி, பொங்கல் வாரத்தில் இன்னும் முன்னால்.

சித்தி படம் அனுப்பினார். வாழையிலையில் சுற்றி, மேலே ஈரத்துணி, அதற்குள் நெருக்கமாகக் கட்டிய சரம், இரண்டு மொட்டுக்கு நடுவில் நார் தெரியவில்லை, நடுநடுவே மரிக்கொழுந்து. அட்டையில் நான் சொன்ன வரியை அக்கா தன் கையாலேயே நீலப் பேனாவில் எழுதியிருந்தார்: "சித்தி, சீக்கிரம் நடந்து எங்க வீட்டுக்கு வாங்க." இலைக்குள்ளே ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது, ஃபிரிட்ஜில் வைத்தால் ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று. பழம் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட வைத்துவிடும், இது பல வீடுகளில் தெரியாது, எங்கள் வீட்டிலும் இவ்வளவு நாள் ஆப்பிள் தட்டிலேயேதான் பூவை வைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்று முழத்தில் ஒன்றைச் சித்தி தலையில் வைத்துக்கொண்டார், ஒன்று சாமிக்கு. மூன்றாவதை எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவுக்குக் கொடுத்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் இருந்தபோது இவருடைய செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியவர் அவர். மெலூர், மெலூர் (மலாயில் மல்லிகை) என்று முகர்ந்து பார்த்துவிட்டு எங்கே வாங்கியது என்று கேட்டாராம். மகளுடைய கல்யாணம் வருகிறதாம், கடை நம்பரை அன்று ராத்திரியே சித்திக்கு அனுப்பிவைத்தேன்.