“முழு செட்” என்று சொல்லி விற்கப்படும் பழைய சூப்பர்சார்ஜர்: பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் பிக்கப் டிரக்கில் இருப்பது வி8 பெட்ரோல் என்ஜின். அதற்கு ஒரு சூப்பர்சார்ஜர், அதாவது என்ஜினின் பெல்ட்டால் சுற்றி, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கருவி, போட வேண்டும் என்று பல வருடமாக ஆசை. புது கிட் வாங்க வசதி இல்லாததால் பழையது தேடினேன், ஒருவரிடம் கிடைத்தது. ஓடிக்கொண்டிருந்த வண்டியில் இருந்து கழற்றியது, முழு செட், அப்படியே மாட்டிவிடலாம் என்றார். “ஒண்ணு ரெண்டு போல்ட் மட்டும் பாத்துக்கோங்க சார், மத்ததெல்லாம் பெட்டியிலயே இருக்கு.” நீலத் தார்ப்பாய் மேல் சாமான்களைப் பரப்பி எடுத்த நான்கு படங்கள் அனுப்பினார். பார்க்க நிறைய இருப்பது போலத் தெரிந்தது. எண்ணிப் பார்க்காமல் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

பெட்டி வந்தது. சூப்பர்சார்ஜர் நல்ல நிலையில்தான் இருந்தது. ரோட்டரைக் கையால் சுற்றினால் உரசல் இல்லாமல் சுற்றியது, முன் மூக்குப் பகுதியில் எண்ணெய்க் கசிவும் இல்லை. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டும், அமுங்கிச் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் தண்ணீருக்காக வண்டியின் முன்னால் வைக்கும் ரேடியேட்டரும் இருந்தன. ஆனால் பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் பிராக்கெட் இல்லை. இன்டர்கூலர் தண்ணீரைச் சுற்றிவிடும் மோட்டாரும் அதன் டேங்கும் இல்லை. காற்றை அமுக்காமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வுக்குப் போகும் வேக்குவம் ஹோஸ் இல்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் எட்டு பெரிய இன்ஜெக்டர்களில் ஒன்றுகூட இல்லை. மேனிஃபோல்டுக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இல்லை. அவர் சொன்ன அந்த “ஒண்ணு ரெண்டு போல்ட்” ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. வேறு எங்கோ கழற்றிய, ஒன்றுக்கொன்று நீளம் பொருந்தாத போல்ட்டுகள்.

இதெல்லாம் சில்லறைச் சாமான், மெல்லத் தேடிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் அதே கணக்கில் கூட வேண்டும். சாதாரண ஓட்டத்தில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் போதும். அமுக்கம் ஏறும்போது அது 12-க்கு 1 அளவுக்கு, சில சமயம் அதற்கும் கீழே, இறங்க வேண்டும். பழைய இன்ஜெக்டரால் அவ்வளவு பெட்ரோல் தர முடியாது. என் வண்டியின் மேப் சென்சாரும் வெளிக்காற்றின் அழுத்தம் வரைக்கும்தான் அளக்கும். இந்தக் கிட் தரும் அழுத்தம் 7 பி.எஸ்.ஐ, அதாவது வெளிக்காற்றுக்கு மேலே கிட்டத்தட்ட பாதி மடங்கு. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் வண்டியின் கம்ப்யூட்டருக்கு அது கண்ணிலேயே படாது. பெட்ரோல் குறைந்து, சிலிண்டருக்குள் நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது, ஆரம்பித்து, பிஸ்டன் உடைந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். “மாட்டிப் பாத்துட்டு அப்புறம் இன்ஜெக்டர் போட்டுக்கலாம்” என்று அந்த ஆள் போனில் சொன்னார். யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் கேட்காதீர்கள். விளையாட்டில்லை, என்ஜின் போய்விடும்.

பெரிய அடி விழுந்தது இன்னொரு இடத்தில். கம்ப்யூட்டரில் புது டியூன், அதாவது என்ஜினை இயக்கும் கணக்குகள், ஏற்றுவதற்கான கையடக்க புரோகிராமர் பெட்டிக்குள் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் கொஞ்சம் நிம்மதியானேன். வண்டியில் சொருகினேன், ஏற்க மறுத்துவிட்டது. இந்த வகைக் கருவி ஒரு வண்டிக்கு டியூன் ஏற்றியதும் அந்த வண்டியின் சேசிஸ் நம்பரோடு பூட்டிக்கொள்ளும். அதே வண்டியில் திரும்பச் சொருகி, கம்பெனி டியூனைப் பழையபடி ஏற்றினால்தான் பூட்டு திறக்கும். அந்த வண்டி எங்கே என்று கேட்டேன். “அது எப்பவோ வித்தாச்சு சார்.” கழற்றும் நாளில் கால்மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. செய்யாமல் விற்றிருக்கிறார், அது வேலை செய்யாது என்று தெரிந்தே செட்டோடு சேர்த்து விலையும் வாங்கியிருக்கிறார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

சரி, விட்டுப்போனதையாவது சேர்ப்போம் என்று தேடியபோது அடுத்த தவறு செய்தேன். பழைய பாகங்கள் விற்கும் இன்னொருவர், “அந்த கிட்டோட மிச்ச பாகம் எல்லாமே என்கிட்ட இருக்கு” என்றார். பார்ட் நம்பர் கேட்காமல் வாங்கினேன். வந்த பிராக்கெட் அதே கம்பெனியுடையதுதான், ஆனால் முந்தைய தலைமுறை என்ஜினுக்கானது. போல்ட் துளைகள் பொருந்தின, அதனால்தான் ஏமாந்தேன். நேரான இரும்புப் பட்டையைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பார்த்தால் ஐட்லர் சில மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. அப்படியே ஓட்டியிருந்தால் பெல்ட் ஓரம் தேய்ந்து நார் நாராகப் பிரிந்திருக்கும். எனக்கு உதவிய மெக்கானிக் அண்ணன்தான் அதைக் கவனித்தார். “ஓட்டை பொருந்துதுன்னா பாகமும் பொருந்தும்னு நினைக்காத தம்பி” என்றார். அந்தப் போல்ட் பையையும் அவர்தான் ஓரமாக எடுத்து வைத்தார். நீளம் கூடிய போல்ட் துளையின் அடியில் போய் முட்டி நிற்கும். ஸ்பேனருக்கு இறுகியது போலத் தெரியும், ஆனால் மேனிஃபோல்ட் கவ்வியிருக்காது. இன்னும் ஒரு சுற்று கொடுத்தால் அலுமினியத்தில் மரை கழன்றுவிடும்.

பிறகு நான் செய்தது, முதல் நாளே செய்திருக்க வேண்டியது. தயாரித்த கம்பெனியின் பொருத்தும் கையேட்டை எடுத்தேன். அதில் சின்ன கிளிப் வரைக்கும் பாகங்களின் பட்டியல், எண்ணிக்கையோடும் நம்பரோடும் இருக்கிறது. சூப்பர்சார்ஜர் உடம்பில் பொறித்திருந்த சீரியல் நம்பரைக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். எந்த வருட வண்டிக்குச் செய்த கிட், எந்தப் பாகத்தைத் தனியாகத் தருவார்கள் என்று தெளிவாகப் பதில் வந்தது. கேஸ்கெட், பைபாஸ் ஹோஸ், மேப் சென்சார் எல்லாம் தனியாகக் கிடைத்தன. பிராக்கெட்டைத் தனியாக விற்பதில்லை. இதை நன்றாக நினைவில் வையுங்கள். பழைய கிட்டில் பிராக்கெட் இல்லை என்றால் அதன் மதிப்பே வேறு.

கம்பெனி முத்திரை இல்லாமலே வாங்கக்கூடியவையும் உண்டு. ஐட்லர் புல்லிக்குள் இருக்கும் பேரிங்கின் நம்பரைப் படியுங்கள். என்னுடையதில் 6203, அதாவது உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், எல்லா பேரிங் கடையிலும் இருக்கும். பெல்ட்டுக்கு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை நடு நிலையில் நிறுத்தி, பெல்ட் போகும் வழியில் ஒரு கயிற்றைச் சுற்றி அளந்தேன். பெல்ட்டில் 8பிகே2300 என்று இருந்தால் எட்டு வரி, 2300 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம். இன்ஜெக்டரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பழையது வாங்கினால் எட்டையும் ஓட்ட அளவு சோதித்த பிறகே போடுங்கள். நிமிடத்துக்கு எவ்வளவு பாயும் என்ற கணக்கை வைத்துத்தான் டியூனே எழுதப்படுகிறது.

பைபாஸ் ஹோஸையும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். ஐட்லிங்கில் வேக்குவம் அந்த வால்வைத் திறந்து வைக்கும், காற்று அமுங்காமல் சுற்றி வரும். ஹோஸ் இல்லை என்றால் ஸ்பிரிங் வால்வை மூடியே வைத்திருக்கும். சும்மா ஓட்டும்போதும் காற்று அமுங்கிச் சூடாகிக்கொண்டே இருக்கும், பெட்ரோலும் வீணாகும்.

பிராக்கெட் இன்னும் கிடைக்கவில்லை. புரோகிராமரைத் திறந்து தர கம்பெனி தனியாகக் கட்டணம் கேட்டது, கட்டிவிட்டேன். டிரக் இப்போதைக்குப் பழையபடியே ஓடுகிறது.

இதையெல்லாம் இன்று எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன வாரம் அதே ஆள், அதே நான்கு படங்களைப் போட்டு, “முழு செட், ஓடிய வண்டியில் இருந்து கழற்றியது” என்று மறுபடி விற்பனைக்கு வைத்திருக்கிறார். நீலத் தார்ப்பாய், சூப்பர்சார்ஜர் புல்லியின் விளிம்பில் நகம் அளவு ஒரு சிதைவு, மேனிஃபோல்டின் இடப்பக்கம் வெள்ளை மார்க்கரில் போட்ட ஒரு பெருக்கல் குறி. இந்த மூன்றும் உள்ள படத்தை யாராவது உங்களுக்கு அனுப்பினால் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அந்தச் சூப்பர்சார்ஜர் என் வீட்டில் இருக்கிறது.